தனத்தின் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றவர்கள்

8 ஜூலை 1996, திங்கள். காலையில் மழை, பிறகு சுட்டெரிக்கும் வெயில்.

உறுதியான செய்தி: என் மனைவி தனத்தின் பெருங்குடலில் நோய் இருக்கிறது. ஆதாரம்: பயாப்சி அறிக்கை. டாக்டர் யோகராணி வாசித்துக் காட்டினார். நானும் அறையில் இருந்தேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன்.

பெயர் மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ். அதில் கொலாஜனஸ் என்ற வகை. குடலின் உள்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை இருக்க வேண்டும். தனத்துக்கு அது தடித்துப் போயிருக்கிறது. குடல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அதனால்தான் இரண்டு வருடமாக ஓயாத பேதி. கேமரா குழாய் விட்டுப் பார்த்தால் எல்லாம் இளஞ்சிவப்பாக, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். சிறு துண்டு கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மட்டுமே தெரியும்.

டா. யோகராணி: "கேமராவில பார்த்தால் ஒண்டும் தெரியாது. கிள்ளி எடுத்துப் பார்க்க வேணும். போன தரம் எடுக்கேல்லையா?"

"எடுக்கல டாக்டர். பார்த்தாரு, நார்மல்னாரு. முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் காகிதத்தைத் திருப்பினார். ஒரு டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டர் வாய் திறக்க மாட்டார். போலீஸ்காரர்களும் அப்படித்தான்.

தனம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் பைத்தியம் இல்லியா டாக்டர்?"

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

தனம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சொன்னவர் டாக்டர் ஜெ. இரண்டு வருடம் முன்பு கேமரா குழாய் விட்டுப் பார்த்தவர். அவர் எழுதிய கடிதத்தில் இரண்டே வரி. குடல் நார்மல். நோயாளிக்கு நரம்புத் தளர்ச்சி, மனநல ஆலோசனை தேவை. தனம் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தைக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினார். இலாகா மருத்துவக் குழுவுக்கு அனுப்பியது. இம்மாதம் 24-ஆம் தேதி குழு கூடுகிறது. இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவளை மனநலக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய.

தனம் வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று டா. யோ. கேட்டார். தனம்: "ஒண்ணும் இல்ல டாக்டர். நீங்க குடுத்தது மட்டும்தான்."

திரும்பும் வழியில் மீன் வாங்க மறந்துவிட்டது.


9 ஜூலை, செவ்வாய். வெயில். பத்திரிகை அலுவலகத்தில் ஏர்கோன் வேலை செய்யவில்லை.

துணையாசிரியர் மணியம் என் மேசைக்கு வந்தான். "என்னண்ணே, மூஞ்சி தலையங்கம் மாதிரி இருக்கு?"

சொன்னேன். சிரிப்பை நிறுத்தினான். "ரெண்டு வருஷமா? அண்ணி கிளாஸ்ல இருந்து ஓடி வருவாங்கன்னு சொல்வீங்களே, அதுவா?"

அதேதான்.

மதியம் முழுக்க ஒரே நினைப்பு. சம்பவ இடத்துக்குப் போகிறோம். வாசலில் நின்று பார்க்கிறோம். பூட்டியிருக்கிறது, சத்தம் இல்லை. "இங்கு எதுவும் நடக்கவில்லை" என்று எழுதுகிற நிருபரை மறுநாளே வீட்டுக்கு அனுப்புவார்கள். டா. ஜெ. அதைத்தான் செய்தார். இன்னும் ஒரு படி மேலே போனார். எதுவும் நடக்கவில்லை, புகார் கொடுத்தவருக்கு மூளை சரியில்லை என்று எழுதினார்.

அவருடைய கிளினிக்குக்குப் போன் செய்தேன். வியாழன் மாலை நேரம் கொடுத்தார்கள். என்ன விஷயம் என்று கேட்ட பெண்ணிடம் "வயிறு" என்றேன். பொய் இல்லை.


10 ஜூலை, புதன். மேகமூட்டம்.

செந்தூலிலிருந்து தனத்தின் அக்கா வந்தார். கையில் எலுமிச்சைப் பழம், திருநீறு, ஒரு டப்பா முறுக்கு. வயிற்றுப்போக்குக்காரிக்கு முறுக்கு.

"பேரு என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

சொன்னேன்.

"இவ்ளோ பெரிய பேரா? வர்றதோ தண்ணி மாதிரி. பத்துமலைக்கு நேந்துக்கிட்டது பாக்கி இருக்கு, நான் அன்னிக்கே சொன்னேன். யாரு கேக்கறா?"

தனம்: "அக்கா, குடல்ல பட்டை தடிச்சிருக்காம். முருகனா தடிக்க வச்சாரு?"

"அப்படிப் பேசாதடி. வாய்தான் உனக்கு வியாதி."

இருவரும் சிரித்தார்கள். தனம் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது.

அக்கா போனபின் அவளிடம் கேட்டேன், பள்ளிக்கு ரயிலில் போவதை எப்போது நிறுத்தினாய் என்று. புது மின்சார ரயில் வந்ததும், என்றாள். பழைய ரயிலில் கழிவறை இருந்தது. நாற்றம் பிடித்ததுதான், ஆனால் இருந்தது. புது ரயிலில் குளிர்சாதனம் உண்டு, கழிவறை கிடையாது. அதற்குப் பிறகு என் கார். வழியில் எங்கே நிறுத்தலாம் என்று அவளுக்கு மனப்பாடம். சொல்லச் சொன்னேன். நிறுத்தாமல் ஒப்பித்தாள்:

பாலம் தாண்டி முதல் பெட்ரோல் நிலையம். சாவி கேட்க வேண்டும்.
அடுத்தது. தண்ணீர் வராது, போத்தல் கொண்டு போகணும்.
சுபாங் பக்கம் உணவுக்கடை. டீ வாங்கினால் விடுவார்கள்.
ஷா ஆலம் மசூதி. சுத்தம். அங்கே ஒரு மலாய்க்கார அம்மா, ஒன்றும் கேட்க மாட்டார், செருப்பை எடுத்து ஓரமாக வைப்பார்.
அதற்கப்புறம் கிள்ளான் வரைக்கும் ஒன்றும் இல்லை. பல்லைக் கடிக்கணும்.

வாரம் ஐந்து நாள் அந்தப் பாதையில் அவளை ஏற்றிச் சென்றிருக்கிறேன். கடைசி வரி எனக்குத் தெரியாது.


11 ஜூலை, வியாழன். மாலை பெருமழை. ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் தண்ணீர்.

டா. ஜெ. வரவேற்பறையில் மீன் தொட்டி. சுவரில் சான்றிதழ்கள், அழகான சட்டங்களில். என்னை நினைவில்லை. அறிக்கையை மேசையில் வைத்ததும் தனம் நினைவுக்கு வந்தாள்.

நடந்த பேச்சு, வீட்டுக்கு வந்ததும் எழுதியது:

"இது ரேர். ரொம்ப ரேர்."

"நீங்க ஏன் பயாப்சி எடுக்கல டாக்டர்?"

"நார்மலா இருக்கற இடத்துல எதுக்குக் கிள்ளணும்? ரத்தம் வரும், ஓட்டை விழும். ரிஸ்க் இருக்கு."

"சரி. காரணம் தெரியலன்னு எழுதியிருக்கலாமே?"

மீன் தொட்டியின் மோட்டார் சத்தம் உள்ளேயும் கேட்டது.

"உங்க ஒய்ஃப் அன்னிக்கு அழுதாங்க. கை நடுங்குச்சு. நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"ரெண்டு நாள் சோறு இல்லாம, குடல் சுத்தமாக பேதி மருந்து குடிச்சுட்டு வந்தவ. உங்களுக்கும் நடுங்கும்."

"மிஸ்டர், நீங்க பேப்பர்காரர்னு இப்பதான் ஞாபகம் வருது. ஏதாச்சும் எழுதினா என் லாயர் பேசுவாரு. சரியா?"

முந்தைய கடிதம் முழுமையற்றது, திசு எடுக்கப்படவில்லை என்று குழுவுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். கதவைத் திறந்து விட்டார். மரியாதையாகத்தான்.

நியாயத்துக்கு எழுதுகிறேன்: நோய் அபூர்வமானது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாதது குற்றம் இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை என்று நாங்கள் தினமும் அச்சடிக்கிறோம். தீ விபத்து, காரணம் தெரியவில்லை. ஆற்றில் பிணம், காரணம் தெரியவில்லை. யாருக்கும் அவமானம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை எழுத அவருக்குக் கை வரவில்லை. அதற்குப் பதில் என் மனைவியைப் பைத்தியமாக்கினார்.

நனைந்த சட்டையோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.


13 ஜூலை, சனி. வெயில்.

கட்டுரை எழுதி முடித்தேன். பெயர் போடவில்லை, டா. ஜெ. பெயரும் இல்லை, தனத்தின் பெயரும் இல்லை. "பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் ஓர் ஆசிரியை" என்று தொடக்கம். ஞாயிறு பதிப்புக்கு மணியம் இடம் ஒதுக்கியிருந்தான். அனுப்புவதற்கு முன் தனத்திடம் கொடுத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். சிவப்புப் பேனா எடுத்து ஒரு சந்திப்பிழையைத் திருத்தினாள். பிறகு நான்காக மடித்தாள்.

"வேணாங்க."

"உன் பேரு இல்லயே."

"பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கிள்ளானுக்குப் போயி பாடம் நடத்தற டீச்சர் எத்தனை பேரு? என் வயித்தைக் கொண்டுபோயி மூணாம் பக்கத்துல போடுவீங்க. மறுநாள் கேண்டீன்ல அதே பேப்பர்ல நாசி லெமாக் சோறு மடிப்பாங்க. என் பிள்ளைங்க பிரிச்சுத் தின்னுங்க."

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?"

"நடந்தது எனக்கு."

சத்தம் போட்டேன். யாருக்காக எழுதுகிறேன் என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "உங்க கோபம் பேப்பருக்கு நல்லா இருக்கும். எனக்கு என் கிளாஸ் வேணும். செப்டம்பர்ல பிள்ளைங்களுக்குப் பரீட்சை. அதுக்கு வழி பாருங்க."

மணியத்துக்குப் போன். கட்டுரை இல்லை. அவன்: "அப்ப அந்த இடத்துல பூச்செடி வளர்ப்புதான் போடணும் அண்ணே."

போடட்டும்.


15 ஜூலை, திங்கள். காலை வெயில், மூன்று மணிக்கு இடி.

கிள்ளான். தனம் பள்ளியிலிருந்து தன் புத்தகங்களை எடுத்துவர வேண்டும் என்றாள். விடுப்பில் இருந்தாலும் வீட்டிலிருந்தே கேள்விகள் தயாரித்துத் தருகிறாளாம், மாற்று ஆசிரியைக்கு. எனக்குச் சொல்லவே இல்லை.

ஆறாம் ஆண்டு வகுப்பு இரண்டாம் மாடியில். நான் அங்கே ஏறியது இதுதான் முதல் தடவை. ஆசிரியர் கழிவறை கீழே, அலுவலகத்துக்குப் பின்னால். படி இறங்கி, திடலின் ஓரமாக நடந்து, சாவி வாங்கி, திறந்து. மறுபடி ஏறி.

பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி: "டீச்சர், நீங்க எப்ப வருவீங்க? புது டீச்சர் கணக்கு தப்பானா மலாய்லயே திட்டறாங்க." வகுப்பே சிரித்தது. தனம் அவளைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

இறங்கும்போது இடைப்படியில் நின்று முட்டியைப் பிடித்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம். மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.

"என்ன அது?"

"முட்டிக்குங்க."

"மருந்து ஒண்ணும் இல்லன்னு டாக்டர்கிட்ட சொன்னியே."

"அவங்க வயித்து டாக்டர். இது முட்டி."

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே பேனாவில் மலாயில் 'முட்டி வலி, நாளுக்கு மூன்று, சாப்பிட்டபின்'. மருந்தின் பெயர் இல்லை. எந்தக் கிளினிக்கிலும் இப்படித்தான் தருகிறார்கள். எந்த மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என்னுடைய இருமல் பொட்டலத்திலும் இருமல் என்றுதான் இருக்கிறது.

எப்போதிலிருந்து? மாடி வகுப்பு கொடுத்த வருடத்திலிருந்து. கீழே இருந்தவரை முட்டி வலிக்கவில்லை. மாடி ஏறி முட்டி வலித்தது. மாத்திரை. கொஞ்ச நாள் கழித்துப் பேதி. பேதியானதால் ஓடி இறங்கி ஓடி ஏறினாள். முட்டி இன்னும் வலித்தது. இன்னும் மாத்திரை.

இடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, பிள்ளைங்க பார்க்குதுங்க, எந்திரிங்க" என்றாள்.

கிளினிக் பள்ளிக்கு எதிர்ச்சாரியில். கவுண்டரில் ஒரு பெண்.

"இது என்ன மாத்திரைம்மா?"

"முட்டி வலி மாத்திரை அங்கிள்."

"பேரு?"

"பேரெல்லாம் நாங்க எழுதறதில்ல லா. எல்லாருக்கும் இதான் குடுக்கறோம்."

"மாத்திரைக்குப் பேரு இருக்கா இல்லையா?"

"இருக்கு. டாக்டர் லஞ்ச் போயிருக்காரு."

உட்கார்ந்தேன். ஓர் அமைச்சருக்காக அரைநாள் நடைபாதையில் உட்கார்ந்தவன் நான். டாக்டர் வந்தார், பல் குத்திக்கொண்டே. முகம் கோணாமல் சொன்னார்: டைக்லோஃபெனாக். எழுதியும் கொடுத்தார். ஏன் பொட்டலத்தில் எழுதுவதில்லை என்றதற்கு, "எழுதினா அடுத்த தடவை கடையிலேயே வாங்கிக்குவாங்க அங்கிள், இங்க வர மாட்டாங்க" என்று சிரித்தார். அவரிடம் கோபப்பட எனக்குச் சக்தி மிச்சமில்லை. இப்போது இருக்கிறது.


16 ஜூலை, செவ்வாய். மழை இல்லை.

டா. யோகராணிக்குப் போன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ. இண்டைக்கே."

"அதுதான் காரணமா டாக்டர்?"

"அப்படி நிச்சயமாச் சொல்ல ஏலாது. இந்த மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். நிப்பாட்டினால் சிலருக்குக் குறையும். எல்லாருக்கும் இல்லை. பேதிக்கு நான் தந்ததை எடுக்கட்டும். குறையாட்டில் வேற மருந்து இருக்கு. முட்டிக்கு சாதாரண பனடோல் மாத்திரை போதும்."

குழுவுக்கான கடிதம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார். மாத்திரை விவரத்தையும் சேர்ப்பார்.

அடுத்து தலைமையாசிரியர். கீழ்த்தளத்தில் வகுப்பு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"மொதல்ல போர்டு முடியட்டும் சார். டீச்சர் திரும்பி வருவாங்களோ என்னவோ."

"கீழ இருந்த கிளாஸை ஏன் மாத்துனீங்க?"

"கீழ கம்ப்யூட்டர் ரூம் வச்சிருக்கோம். தொகுதி ஒய்.பி. திறந்து வச்சாரே, உங்க பேப்பர்லயே படத்தோட வந்துச்சு சார்."

வந்தது. பூட்டியிருந்த கதவை நேற்று நானே பார்த்தேன். கண்ணாடி வழியாக, பிளாஸ்டிக் உறை பிரிக்காத கணினிகள்.

போனை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.


20 ஜூலை, சனி. மேகம்.

மாத்திரை நிறுத்தியாயிற்று. முட்டி வலிக்கிறது. தைலம், வெந்நீர், புலம்பல்.

வயிறு: குறைந்திருக்கிறது போல. நேற்று சோறு, ரசம், அவித்த மீன். சாப்பிட்ட பிறகு கழிவறைக் கதவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை நிறுத்தியதாலா, டா. யோ.வின் மருந்தாலா? தெரியாது. எழுதிவிட்டேன் பார், தெரியாது என்று. ஒன்றும் ஆகிவிடவில்லை.

அக்கா போனில்: "நான் பத்துமலையில அர்ச்சனை பண்ணினேன், குறைஞ்சிருச்சா?" தனம்: "குறைஞ்சிருக்கு அக்கா." என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

டா. யோ.வின் கடிதம் நேற்றே வந்தது. ஒன்றரைப் பக்கம். ஒரு வசைச் சொல்லும் இல்லை. நோய் உடலில் உள்ளது, மனத்தில் அல்ல, என்று ஒரு வரி. தனம் அதை மட்டும் சத்தமாக வாசித்தாள். பிறகு தனக்குள் ஒரு தடவை.

டா. ஜெ.விடமிருந்து பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். கருத்தரங்கு, பினாங்கு.


24 ஜூலை, புதன். காலையில் மெல்லிய மழை.

குழு கூடியது. அரசு மருத்துவமனை, கிள்ளான். மூன்று பேர். என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சு.

தனம் வெளியே வந்து சொன்னது:

முதல் கேள்வி, வீட்டில் பிரச்சினையா. இரண்டாவது, கணவர் குடிப்பாரா. மூன்றாவது, தூக்கம் வருகிறதா. அவள் பயாப்சி அறிக்கையையும், டா. யோ.வின் கடிதத்தையும், பெயரில்லாத பொட்டலத்தையும் மேசையில் வரிசையாக வைத்தாளாம். நடுவில் இருந்தவர் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"அவரு கேட்டாரு, மாடி ஏற முடியுமா டீச்சர்னு. நான் சொன்னேன், ஏற முடியும், கீழ கிளாஸ் குடுத்தா ஏற வேண்டியதே இல்லன்னு. பக்கத்துல இருந்த அம்மா சிரிச்சுட்டாங்க."

முடிவு சொல்லவில்லை. கடிதம் வரும்.

கிளார்க்கிடம் போனேன். கோப்பு அவர் கையில்தான். புதுக் கடிதம் சேர்ந்துவிட்டதா என்றேன். சேர்ந்துவிட்டது. பழைய கடிதம்?

"அதுவும் இருக்கும் அண்ணே."

"அதுதான் தப்புன்னு ஆயிருச்சே."

"தப்போ சரியோ, ஃபைல்ல போனது போனதுதான். எடுக்க எனக்கு பவர் இல்ல. பென்ஷன் வரைக்கும் இருக்கும்."

நாங்கள் தப்பாக எழுதினால் மறுநாள் திருத்தம் போடுகிறோம். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில், ஆனாலும் போடுகிறோம். அவரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். தனம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க. ரயில்ல போலாம்."

"காரு?"

"சாயங்காலம் நீங்க வந்து எடுத்துக்குங்க. நான் ரயில்ல போறேன்."

போனோம். குளிர்சாதனம், கழிவறை இல்லாத பெட்டி. ஷா ஆலம் தாண்டினோம். சுபாங் தாண்டினோம். நான் ஒவ்வொரு நிலையத்திலும் அவள் முகத்தைப் பார்த்தேன். "என் முகத்துல என்ன ஸ்டேஷன் பேரா எழுதியிருக்கு?" என்றாள். மடியில் பிள்ளைகளின் கணக்குத் தாள்கள். கோலாலம்பூர் வரை திருத்திக்கொண்டே வந்தாள்.

நிலுவை:
குழுவின் கடிதம். ஆகஸ்டு 7-க்குள் என்று கிளார்க் சொன்னார்.
கீழ்த்தள வகுப்பு. அந்தக் கடிதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் தலைமையாசிரியர்.
டா. ஜெ.விடமிருந்து இரண்டு வரித் திருத்தம். தேதி எதுவும் சொல்லப்படவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன். மீன் தொட்டிக்கு எதிரே உட்காரப் போகிறேன்.